சீல் உடைக்காத காதுக்கவசங்கள்

அந்தத் தெருவில் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளம் அவரை வீட்டுக்கு அனுப்பி மூன்று வருடம் ஆகியும் அந்தப் பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. முப்பத்தாறு வயது, நிமிர்ந்த நடை. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியே வைத்திருப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் திமிர் பிடித்த ஆள் என்று நினைப்பார்கள். திமிரெல்லாம் ஒன்றும் இல்லை. இடது காது அறவே கேட்காது. வலது காதை முன்னால் நீட்டினால்தான் எதிரில் இருப்பவர் பேசுவது பிடிபடும். வீட்டில் மனைவி எந்தச் சேதியையும் மூன்று தடவை சொல்வாள். மூன்றாவது தடவை குரலில் கொஞ்சம் காரம் ஏறியிருக்கும்.

பீரோவில் துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் இருந்தது. பதினோரு வருடம் பீரங்கிப் படையில் உழைத்த மனிதனைப் பற்றி அதில் மொத்தமே நாலு வரி. பெயர், எண், சேர்ந்த தேதி, கடைசியில் ஒரு வரி: "கட்டளைக்குத் தொடர்ந்து கீழ்ப்படியாததால் படையிலிருந்து நீக்கப்பட்டார்." இந்தக் கடைசி வரியை மாற்றவேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வேலை. அந்த வரி இருக்கிறவரை ராணுவ மருத்துவமனை வாசலைக்கூட அவர் மிதிக்க முடியாது. வலது காதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது வயது மகள் பாடம் படிக்கும் குரல் போன வருடம் அடுத்த அறையிலிருந்து கேட்டது, இந்த வருடம் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் கேட்டது. அடுத்த வருடம் எப்படியோ.

நடந்தது இதுதான். பீரங்கிக்கு ஆறு பேர். குண்டைத் தூக்கி உள்ளே தள்ளுவது இவர் வேலை. வலப்பக்கம் நின்று தள்ளிவிட்டு விலகும்போது இடது காது சரியாகப் பீரங்கியைப் பார்த்து இருக்கும். பத்து நாள் சுடும் பயிற்சி, நாளைக்கு நாற்பது குண்டு. காதுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால் சிரிப்புதான் வரும். பீரங்கி துடைக்கிற துணியைக் கிழித்து, உருட்டி, காதில் திணித்துக்கொள்வார்கள். ஆறாம் நாள் அந்தத் துணியை எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. மருத்துவ அறையில் சொட்டு மருந்து விட்டு, 'வேலைக்குத் தகுதி' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நாலு நாளும் நின்று நூற்றறுபது குண்டு தள்ளினார்.

அதற்குப் பிறகு அந்தப் படைக்குப் புதிதாக ஒரு மேஜர் வந்தார். ஆள் ஆறடி, குரல் மட்டும் கொசு பறக்கிற மாதிரி. இரண்டு காதும் நன்றாக இருந்தவர்களுக்கே அவர் சொல்வது பாதிதான் புரியும். அணிவகுப்பில் ஒரு நாள் இடப்பக்கம் பின்னாலிருந்து "திரும்பு" என்றார்; பட்டாளத்தார் திரும்பவில்லை. வண்டிக் கொட்டகையில் ஒரு நாள் கூப்பிட்டார்; இவர் குனிந்து கிரீஸ் பூசிக்கொண்டே இருந்தார். இன்னொரு நாள் "நில்" என்றார். இவர் பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். மூன்று தடவையும் ஏட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். மூன்று சிவப்பு சேர்ந்தால் விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு விதி இருந்ததாம்.

"காது கேக்கலைங்க ஐயா" என்று அவர் சொல்லாமல் இல்லை. மருத்துவ அதிகாரி பரிசோதித்தார். காது போயிருக்கிறது என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கீழே ஒரு வரி சேர்த்தார்: "பயிற்சிக்கு முன் காதுக்கவசம் வழங்கப்பட்டது, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து உள்ளது, எனவே இக்குறைபாட்டுக்குப் படை பொறுப்பல்ல." காதையும் பறித்துக்கொண்டு, பழியையும் அவர் தலையிலேயே கட்டி அனுப்பினார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே ஆத்திரம் வருகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் காவலாளி வேலைக்கு அலைந்தார். பட்டாளத்து ஆள் என்றதும் நாற்காலி போடுவார்கள். தாளை நீட்டியதும் முகம் மாறும். "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரத்தில் வேலை கிடைத்தது. அச்சகத்து முதலாளி எந்தத் தாளையும் கேட்கவில்லை. அவருக்கு நாள் முழுக்கத் தாளைப் பார்த்தே அலுத்திருந்தது. இயந்திரங்கள் போடுகிற கூச்சலில் அங்கே எல்லோரும் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் அந்த ஒரு கூரைக்கு அடியில் மட்டும் பட்டாளத்தாருக்கு ஒரு குறையும் இல்லை.

மனு மேல் மனு எழுதினார். படைக்கு எழுதினார், தலைமையகத்துக்கு எழுதினார். இரண்டு இடத்திலிருந்தும் ஒரே பதில்: "பதிவேட்டில் உங்கள் கையெழுத்து உள்ளது." நம்பாவிட்டால் பார்த்துக்கொள் என்பதுபோல அந்தப் பக்கத்தின் நகலையும் அனுப்பியிருந்தார்கள். காதுக்கவசம், ஒரு ஜோடி. பக்கத்தில் கையெழுத்து. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான், சந்தேகமே இல்லை.

மனைவியின் அண்ணன் பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். ஓடாத வண்டியையும் ஓடும் என்று சத்தியம் செய்து விற்கத் தெரிந்தவர். அவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை.

"மாப்ள, அது என் கையெழுத்தே இல்லைன்னு எழுதுங்க. எவனோ கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டான்னு சொல்லுங்க. நிரூபிக்கட்டும் அவங்க."

"நான் போட்டதுதான் மச்சான்."

"நீங்க போட்டதுன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே" என்றார் பட்டாளத்தார். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார்.

கையெழுத்துப் போட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. லாரியின் முன்பக்கத்து மூடி மேல் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார் ஸ்டோர்காரர். வரிசையாக நூற்றிருபது பேர். சோப்பு, காலுறை, பூட்சுக் கயிறு, விளக்கு பேட்டரி என்று பக்கம் பக்கமாகத் திருப்புவார், விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும். பட்டாளத்தில் யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. படித்துப் பார்க்கிறேன் என்று ஒருவன் நின்றால் பின்னால் நிற்கிற நூறு பேரும் அவனைத் திட்டித் தீர்த்துவிடுவார்கள். இவரும் விரல் காட்டிய இடத்திலெல்லாம் போட்டுவிட்டு நகர்ந்தார். சோப்பு வந்தது. காலுறை வந்தது. காதுக்கவசம் என்று ஒன்று இருந்தது என்பதே மருத்துவ அதிகாரி எழுதிய வரியைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வாங்கவில்லை என்று சொன்னால், பிறகு ஏன் போட்டாய் என்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் அவரைத் தின்றது. இரண்டாவது பதில் வந்தபிறகு பல மாதம் அவர் பேனாவையே தொடவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது மனைவி வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில். அவள் அங்கே அறிவியல் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, அமிலப் புட்டிகளை எண்ணி வைப்பது, பிள்ளைகள் எதையாவது உடைத்தால் திட்டுவது, திட்டிவிட்டு மறைப்பது எல்லாம் அவள் வேலை. ஒரு நாள் மாலை வந்ததும் வராததுமாகச் சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏங்க, இன்னிக்கு எங்க ஸ்கூல்ல ஆய்வு. அந்த மூணு நுண்ணோக்கியையும் பூட்டுன அலமாரியிலேர்ந்து எடுத்து மேஜை மேல வெச்சோம். வந்தவரு பார்த்துட்டு, 'பொருளையெல்லாம் எவ்வளவு நல்லா பராமரிக்கிறீங்க'ன்னு ஒரே பாராட்டு. நல்லா இருக்காம என்ன பண்ணும்? வாங்குன நாள்லேர்ந்து ஒரு பிள்ளை தொட்டதில்லையே. அவரு வண்டி ஏறுனதும் மறுபடி பூட்டி வெச்சாச்சு."

இரண்டாம் தடவை சொன்னபோதுதான் அவருக்கு முழுதாகப் புரிந்தது. புரிந்ததும் அவரும் சிரித்தார். அவளுக்குத்தான் சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்க பட்டாளத்துலயும் ஆய்வு வருமா?"

"வராம? வருஷம் தவறாம வரும்."

"ஸ்டோரையும் பார்ப்பாங்களா?"

"அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க."

"அப்போ உங்க காதுக்கவசமும் எங்க நுண்ணோக்கி மாதிரிதாங்க. பூட்டிதான் வெச்சிருப்பாங்க."

பட்டாளத்தார் கையிலிருந்த தேநீர்க் குவளையை அப்படியே கீழே வைத்தார். நூற்றிருபது பேர் கையெழுத்துப் போட்டபிறகு அவர் ஸ்டோருக்கு ஒரு தடவை விளக்குத் திரி வாங்கப் போனது நினைவுக்கு வந்தது. கண்ணுக்கு எதிரில் இருந்த பலகையில் ஆரஞ்சு நிறத்தில் பத்துப் பெட்டி, கோடு போட்டது போல அடுக்கியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் கம்பி சுற்றி ஈய சீல். "தொடாத தம்பி, ஆய்வு வருது" என்று ஸ்டோர்காரர் அவரைக் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றே மூன்றாவது மனுவை எழுத உட்கார்ந்தார். இந்தத் தடவை படைக்கு இல்லை, ராணுவ வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு. அதில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பயிற்சி நடந்த வருடத்தில் அந்த ஸ்டோரை ஆய்வு செய்த அறிக்கையைக் காட்டவேண்டும். ரகசியம், தரமாட்டோம் என்று முட்டுக்கட்டை போடுவார்கள் என்று மச்சான் அடித்துச் சொன்னார். ஆனால் படைத்தரப்பு வக்கீல் சந்தோஷமாக மூன்று நகல் எடுத்துக் கொடுத்தார். ஏன் கொடுக்கமாட்டார்? அந்த அறிக்கை முழுக்கப் பாராட்டு. இவ்வளவு ஒழுங்கான ஸ்டோரில் பதிவேடு தப்பாக இருக்குமா என்று கேட்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

விசாரணை நாள் வந்தது. அகலமான ஒரு கூடம், உயரத்தில் மூன்று நாற்காலி. நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒரு அம்மா, இரண்டு பக்கமும் பழைய ராணுவ அதிகாரிகள். வக்கீல் வைக்க வசதி இல்லாததால் பட்டாளத்தாரே வாதாட நின்றார். மகள் பள்ளிக்கூடத்தில். மச்சான் கடைசி வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு.

"அம்மா, என் வலது பக்கம் என் மனைவி உட்காரணும். நீங்க கேக்குறத அவ எனக்குத் திருப்பிச் சொல்லணும்" என்றார்.

படைத்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். "ஆட்சேபணை. அதை அனுமதிச்சா இவருக்குக் காது கேக்காதுன்னு நாமளே ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"கேக்காதுன்னு உங்க மருத்துவ அதிகாரியே எழுதிக் கொடுத்திருக்காரே" என்றார் நீதிபதி அம்மா. "அது ஏன் போச்சுங்கறதுதானே இங்க வழக்கு. அவங்க உட்காரட்டும்."

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். படைத்தரப்பின் சாட்சியாக ஸ்டோர்காரர் வந்து நின்றார். ஓய்வு பெற இன்னும் நாலே மாதம். சட்டைப் பொத்தான்கள் கண்ணைப் பறித்தன. இரண்டாம் வரிசையில் மேஜர் கால்மேல் கால் போட்டிருந்தார். பட்டாளத்தார் ஸ்டோர்காரர் பக்கம் திரும்பினார். பதினோரு வருடம் அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட மனிதரை எதிரில் நிறுத்திக் கேள்வி கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

"அண்ணே, நம்ம ஸ்டோருக்கு ஆய்வுல பாராட்டு கெடைச்சது உங்களாலதானே?"

ஸ்டோர்காரரின் முகம் மலர்ந்தது. "ஆமா. நம்ம படைக்குப் பன்னிரண்டு வருஷத்துல 'மிகச் சிறப்பு' கெடைச்சது அந்த ஒரு தடவைதான்."

"பயிற்சி முடிஞ்சு எத்தனை நாள் கழிச்சு ஆய்வு?"

"ஏழு வாரம்."

"அறிக்கையில, 'காதுக்கவசம் பத்துப் பெட்டி, அனைத்தும் சீல் பிரிக்கப்படாத நிலையில்'னு போட்டிருக்கு. பெட்டிக்கு எத்தனை ஜோடி?"

"பன்னிரண்டு."

"நம்ம படைக்கு மொத்தம் எத்தனை பெட்டி வந்துச்சு அண்ணே?"

"பத்துதான்" என்றார் ஸ்டோர்காரர். பத்துப் பெட்டி, பெட்டிக்குப் பன்னிரண்டு, ஆக நூற்றிருபது. பதிவேட்டில் கையெழுத்தும் நூற்றிருபது. கூடத்தில் இருந்த எல்லோரும் மனதுக்குள் அந்தக் கணக்கைப் போட்டு முடித்தார்கள். இரண்டாம் வரிசையில் மேஜர் காலைக் கீழே இறக்கினார்.

வக்கீல் சும்மா இருந்திருக்கலாம். சாட்சியைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குறுக்கே புகுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, பயிற்சிக்குக் கொடுத்துட்டு, முடிஞ்சதும் திருப்பி வாங்கி, பெட்டியில போட்டு, ஸ்டோர்லயே மறுபடி சீல் வெச்சிருப்பாங்க. அப்படித்தானே?"

ஸ்டோர்காரர் அவர் பக்கம் திரும்பிய வேகத்தைப் பார்க்கவேண்டுமே. தன் பிள்ளையைத் திருடன் என்று சொன்னால்கூட அந்த மனிதருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"அது கம்பெனி சீல் சார். கம்பி போட்டு ஈயத்துல அடிச்சது. அதை நான் எப்படி மறுபடி வைக்கிறது? அப்போ நான் கள்ள சீல் வைக்கிற ஆளா? முப்பது வருஷம் ஸ்டோர் பார்த்திருக்கேன், ஒரு ஊசி காணாமப் போனதில்ல. என் ஸ்டோர்ல ஒரு சீலும் பிரிக்கல. எந்த சாமிகிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"அப்போ யாருக்குமே கொடுக்கலையா?" என்று கேட்டார் நீதிபதி அம்மா.

கோபத்தில் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது ஸ்டோர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜரைப் பார்த்தார். பிறகு பட்டாளத்தாரைப் பார்த்தார், அவர் வலது காதோரம் குனிந்து வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணையும் பார்த்தார். குரல் இறங்கியது.

"இல்லைங்கம்மா. கையெழுத்து மட்டும் முன்கூட்டியே வாங்கிட்டோம். பிரிச்சுக் கொடுத்தா அழுக்காயிடும், ஆய்வு முடியட்டும்னு மேலிடத்துல சொன்னாங்க. முடிஞ்சதும் கேட்டேன், அடுத்த ஆய்வுக்கு இருக்கட்டும்னாங்க. இப்பவும் அந்தப் பலகையிலதான் இருக்கு. வந்து பாருங்க, ஒரு தூசி இருக்காது."

கடைசி வரிசையிலிருந்து மச்சான் சத்தமாகச் சிரித்துவிட்டார். காவலர் முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். நீதிபதி அம்மா எழுதி வைத்திருந்ததைப் படித்தார். கூடம் பெரிது, அவர் குரல் மென்மையானது. பட்டாளத்தாருக்கு உதடு அசைவது தெரிந்தது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. வழக்கம்போல வலப்பக்கம் திரும்பினார். மனைவி வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னவளுக்கு இப்போது ஒரு சொல்கூட வரவில்லை.

அவள் பக்கம் குனிந்து, "தோத்துட்டோமா?" என்றார். காது கேட்காதவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதாக நினைத்துப் பேசுவது ஊருக்கே கேட்கும். கூடம் முழுக்கக் கேட்டது.

நீதிபதி அம்மா தாளை வைத்துவிட்டு எழுந்தார். படியில் இறங்கி, மேஜையைச் சுற்றி வந்து, மனைவியைத் தாண்டி, அவருடைய வலது பக்கத்தில் நின்றார். பட்டாளத்தில் கடைசி வருடத்தில் எந்த அதிகாரியும் அந்தப் பக்கம் வந்து நின்றதில்லை. இவர் நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நீங்க ஜெயிச்சுட்டீங்க. மூணு சிவப்புக் குறிப்பும் ரத்து. நீங்க கீழ்ப்படியாத ஆள் இல்ல. பணியில காயம்பட்டு விடைபெற்றவர்னு புதுத் தாள் வரும். ராணுவ மருத்துவமனையில ஆயுசுக்கும் வைத்தியம், காதுக்கருவியும் அவங்கதான் தரணும். அந்தப் பத்துப் பெட்டியையும் இந்த வாரமே பிரிச்சு ஆளுங்களுக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கேன்."

பட்டாளத்தாருக்கு மூன்று வருடமாக நெஞ்சில் கட்டியாக இருந்தது கரைந்து கண் வழியாக வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"பழைய தாள் உங்ககிட்ட இருக்கா?" என்றார் அந்த அம்மா. "அதை எங்கிட்ட கொடுத்துடுங்க. இனிமே அது உங்ககிட்ட இருக்கக்கூடாது."

அவர் விறைத்து நிமிர்ந்தார். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார், தாளை உருவினார், இரண்டு கையாலும் நீட்டினார். கட்டளை கேட்ட சிப்பாயாக அவர் நின்றதைப் பார்த்து இரண்டு பக்கத்துப் பழைய அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஜர் எப்போது எழுந்து போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் மச்சான் அவரைக் கட்டிப்பிடித்து, நல்ல வேளையாக வலது காதில், "உங்க கையெழுத்துதான் மாப்ள, உங்க கையெழுத்தேதான்" என்று கத்தினார். மனைவி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மூக்கு இன்னும் சிவந்திருந்தது. படியில் இறங்கும்போது வலது பக்கம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்க. உடனே எடுத்து நீட்டிட்டீங்க" என்றாள். "வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்."